வடசென்னையில் ஒரு 'பவளக்காரத் தெரு': அந்தப் பவளம் எந்தக் கடலில் இருந்து வந்தது?

ராயபுரத்தில் இருந்து பாரிமுனை போகிற வழியில், மண்ணடிப் பக்கம் இருக்கிறது பவளக்காரத் தெரு. துறைமுகம் கூப்பிடு தூரம். 'நம்ம கடலில் பவளம் எடுத்து இங்கே விற்றிருப்பாங்க போல' என்றுதான் பலரும் நினைப்பார்கள். ஆனால் அந்தப் பவளம் வளர்ந்தது மத்தியத் தரைக்கடலில். இன்றைக்கு ஸ்கூபா டைவர்கள் தேடிப்போய்ப் பார்க்கும் கடலடிப் பாறைச் சுவர்களில் இருப்பதும் அதே சிவப்புப் பவளம்தான்.

தெருவுக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது?

17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் லண்டனில் இருந்து யூத வணிகர்கள் மெட்ராஸுக்கு வந்து குடியேறினார்கள். இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் சேரும் பவளம், லண்டன் வழியாகக் கப்பலில் இங்கே வந்தது. பதிலுக்கு கோல்கொண்டா வைரம் போனது. 1688ல் மெட்ராஸ் மாநகராட்சி தொடங்கியபோது, 12 ஆல்டர்மேன்களில் 3 பேர் யூத வணிகர்கள் என்றால், அந்த வியாபாரத்தின் செல்வாக்கைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடலுக்குள் அந்தச் சுவர் எப்படி இருக்கும்?

கரையோர மலைப்பாறை தண்ணீருக்குள்ளும் அப்படியே செங்குத்தாக இறங்கும். டைவர்கள் இதைத்தான் 'வால்' என்கிறார்கள். இத்தாலியின் போர்ட்டோஃபினோ, ஸ்பெயினின் மெடெஸ் தீவுகள் இதற்குப் பேர்போனவை.

சிவப்புப் பவளம் வெயில் படும் இடத்தில் வளராது. பாறை இடுக்கு, குகை, இருட்டான விளிம்பு என்று ஒதுங்கி வளரும். ஆழத்துக்குப் போகப் போக சூரிய ஒளியில் உள்ள சிவப்பைத் தண்ணீர் உறிஞ்சிவிடுவதால், வெறும் கண்ணுக்கு அது கருத்துத் தெரியும். டார்ச் அடித்தால்தான் ரத்தச் சிவப்பு. அதன் மேல் வெள்ளைப் பூ மாதிரி விரிந்திருப்பவைதான் உயிருள்ள பாலிப்கள். நாம் மோதிரத்தில் பதிப்பது அவற்றின் எலும்புக்கூடு.

மன்னார் வளைகுடா பவளப்பாறையும் இதுவும் ஒன்றா?

இல்லை. ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரை 21 தீவுகளைச் சுற்றி இருப்பவை பாறையைக் கட்டும் பவளங்கள். அவற்றின் உடலில் வாழும் நுண்பாசிக்குச் சூரிய ஒளி கட்டாயம் தேவை. சிவப்புப் பவளத்தில் அந்தப் பாசி கிடையாது. தண்ணீரில் மிதந்து வரும் உணவைப் பிடித்தே பிழைக்கும்.

மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததில் பவளப்பாறைகள் பெரிதும் அழிந்தன. இரண்டு தீவுகள் மூழ்கியதற்கும் இது முக்கியக் காரணம். 2001ல் இந்தப் பவளங்கள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அவற்றை எடுப்பதும் விற்பதும் குற்றம்.

அப்போ எண்ணூர் கடலில்?

வடசென்னைக் கரை மணற்பாங்கானது. அலையில் மணல் நகர்ந்துகொண்டே இருக்கும். கொசஸ்தலை ஆறும் வண்டலைக் கொண்டுவந்து சேர்க்கும். கலங்கிய தண்ணீரில் வெளிச்சம் இறங்காது, பவளப்பாறை உருவாக வழியில்லை. இது போதாதென்று 2017 ஜனவரியில் காமராஜர் துறைமுகம் அருகே கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்திலும் எண்ணெய் பரவியது.

மத்தியத் தரைக்கடலில் இப்போ என்ன சிக்கல்?

வேகமாக எடுத்தார்கள், அது மெதுவாக வளர்கிறது. சிவப்புப் பவளக் கிளை ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிக்காது. பல நூற்றாண்டுகள், வலை கட்டிய சிலுவை வடிவக் கருவியைப் படகில் இழுத்துப் பாறையோடு பெயர்த்தார்கள். அதை ஐரோப்பிய ஒன்றியம் 1994ல் தடை செய்தது. ஸ்கூபா வந்த பிறகு, ஆழம் குறைந்த இடங்களில் இருந்ததும் காலியானது.

இப்போதைய விதிப்படி 50 மீட்டருக்குக் குறைவான ஆழத்தில் எடுக்கக் கூடாது. உரிமம் பெற்ற டைவர் கையால் சுத்தியல் கொண்டுதான் எடுக்க வேண்டும். அடித்தண்டு 7 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். அந்தத் தடிமன் வரவே 20 ஆண்டுக்கு மேல் ஆகும்.

பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர் என்பதால், சுற்றுலாப் பயணிகள் பார்க்கலாம், தொட முடியாது. 50 மீட்டருக்குக் கீழே வேலை செய்பவருக்கோ உயிர் ஆபத்து. அவசரமாக மேலே வந்தால் ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழியாகி பக்கவாதமோ மரணமோ நேரலாம். எடுக்காமல் விட்டாலும் நிம்மதியில்லை: 1999, 2003 ஆண்டுகளில் கடல் சூடேறியதில் பவளங்கள் கூட்டமாகச் செத்தன.

மோதிரம் வாங்குபவர்கள் என்ன செய்யலாம்?

செவ்வாய்க்குப் பவளம் போடச் சொன்னால், முதலில் ரசீதும் ஆய்வகச் சான்றிதழும் கேளுங்கள். சாயம் ஏற்றிய வேறு பவளமும் கண்ணாடியும் அசல் என்று விற்கப்படுகின்றன. 'ராமேஸ்வரத்துப் பவளம்' என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள். அது போலியாக இருக்கும், இல்லையென்றால் சட்டவிரோதமாக இருக்கும்.