ரோபோ இருந்தால் போதுமா?

கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில் ரோபோ வழி புரோஸ்டேட் புற்று அறுவை 2004-லேயே தொடங்கிவிட்டது. புக்கிட் பெருவாங்கிலிருந்து இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போகிற குடும்பம் 'அங்கே ரோபோ இருக்கா?' என்று விசாரிப்பதில் வியப்பில்லை. ஆனால் முதலில் கேட்க வேண்டியது அதுவல்ல. ரோபோ என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்று. அது தானாக எதையும் வெட்டுவதில்லை. மருத்துவர் சற்றுத் தள்ளி உட்கார்ந்து விரலை அசைக்கிறார், வயிற்றுக்குள் கருவி அசைகிறது.

புரோஸ்டேட் இருக்கும் இடம்தான் சிக்கலின் வேர். சிறுநீர்ப்பைக்கு அடியில், சிறுநீர்க்குழாயைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் சுரப்பி அது. அதை எடுத்தால் குழாயில் ஒரு துண்டும் போகும். மிச்சத்தைப் பையோடு இழுத்துத் தைத்து, தையல் ஆறும்வரை ஏறக்குறைய ஒரு வாரம் டியூப் போட்டுவைப்பார்கள். விறைப்புக்கான நரம்புகள் நூலாம்படைபோல் சுரப்பியின் இரு பக்கமும் ஒட்டிக் கிடக்கின்றன. டியூப் எடுத்தபின் இருமினால், நாற்காலியைவிட்டு எழுந்தால் சிறுநீர் சொட்டுவதும் விறைப்பு தளர்வதும் இந்த நெருக்கத்தால்தான். எந்தக் கருவி நுழைந்தாலும் நெருக்கம் குறையப்போவதில்லை.

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் 326 ஆண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு வயிற்றைத் திறந்தும் மீதிப் பேருக்கு ரோபோ வழியும் செய்து பார்த்தார்கள். ரோபோவில் இரத்த இழப்பு சராசரி 443 மில்லிலிட்டர். திறந்த முறையில் 1,338. வீடு திரும்பியதும் சீக்கிரம். இது சின்ன ஆதாயம் இல்லை. ஆனால் 2018-ல் வந்த இரண்டாண்டு முடிவில், சிறுநீர்க் கட்டுப்பாட்டிலும் பாலுறவுத் திறனிலும் சொல்லத்தக்க வேறுபாடு தெரியவில்லை. திறந்து செய்தவர் 1,500 அறுவை கண்டவர், ரோபோவில் செய்தவருக்கு அப்போது 200 அளவே அனுபவம், ஒப்பீடே சரியில்லை என்று சிலர் மறுத்தார்கள். நியாயமான மறுப்புதான். அதுவே என் பேச்சுக்கும் வலுச் சேர்க்கிறது: கருவியைவிடக் கையின் பழக்கம் கனமானது.

கைக்கு அடுத்தது, மேசையில் படுக்கிற உடல். வயது, பருமன், புகை ஆகியவற்றோடு நம்மவர்களுக்கு இனிப்பு நீரும் சேர்கிறது. 2019 தேசிய நலக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. நாட்டுச் சராசரி 18.3. சர்க்கரை ஏற்கெனவே அரித்துவிட்ட நரம்பை எவ்வளவு பத்திரமாக ஒதுக்கிவைத்தாலும் பழைய பலம் வராது. தவிர, ரோபோ அறுவையில் வயிற்றுக்குள் வாயு நிரப்பி, தலையைத் தாழ்த்தி மணிக்கணக்கில் படுக்கவைக்கிறார்கள். பருத்த உடம்புக்கு மூச்சு முட்டும், கண்ணிலும் அழுத்தம் ஏறும். கண் அழுத்த நோய் உள்ளவர் அதை மறைக்கக் கூடாது.

அப்படியானால் அறுவையே வேண்டாமா? சுரப்பியைவிட்டுப் பரவாத புற்றுள்ள 1,643 பேரைப் பிரிட்டனில் 15 ஆண்டுகள் தொடர்ந்தார்கள். அறுவை, கதிர்வீச்சு, கண்காணிப்பு என எந்த வழியில் போனாலும் இந்தப் புற்றால் இறந்தவர் நூற்றுக்கு மூவர் அளவே. ஆறாம் ஆண்டில் கசிவுக்குப் பேட் வைத்துக்கொண்டவர்கள் அறுவைப் பிரிவில் 17 விழுக்காடு, கண்காணிப்பில் 8, கதிர்வீச்சில் 4. வேகமாகப் பரவும் புற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே காத்திருப்பதுதான் ஆபத்து.