பாறையேறும் சிறு லொறி

விளையாட்டுப் பொருளென்று நாம் ஒதுக்கும் ஒன்றிலும் பொறியியலின் நுட்பம் பொதிந்திருத்தல் கூடும். 1987ஆம் ஆண்டில் யப்பானின் தாமியா நிறுவனம் வெளியிட்ட ‘க்ளொட் பஸ்டர்’ அத்தகையது. வானொலி அலைகளால் தூரத்திலிருந்து செலுத்தப்படும் சிறு லொறி அது. ஒவ்வோர் அச்சிலும் ஒரு மின்மோட்டார். நான்கு சில்லுகளும் திசை திரும்புவன. துள்ளியோடவென ஆக்கப்பட்ட இதனை ஆர்வலர் திருத்திப் பாறையேறப் பழக்கினர்.

பாறையில் ஒரு சில்லு அந்தரத்தில் தொங்குமாயின், டிபரென்சியல் சுழற்சியை அதற்கே அளித்துவிடும். நிலத்தைப் பற்றிய சில்லோ அசையாது நிற்கும். ஆகவே டிபரென்சியலைப் பூட்டி, இரு சில்லுகளையும் ஒருங்கே சுழலச் செய்வர். பற்சில்லுகளை மாற்றி, வேகத்தைக் குறைத்து இழுவிசையைப் பெருக்குவர். பற்றறியைத் தாழ இறக்கி, சில்லுகளினுள்ளே பாரம் இடுவர். ஈர்ப்பு மையம் தாழத் தாழ, கவிழும் அபாயமும் குறையும்.

பாய்ந்து குதிக்கும் முரட்டு ஓட்டத்துக்கோ இவையே பகையாகின்றன. டிபரென்சியல் பூட்டப்பட்ட வண்டி வேகமாய்த் திரும்புகையில் அச்சு முறுக்குண்ணும். சில்லிலிட்ட பாரம், குதித்து வீழ்கையில் அதனை முறிக்கவுங் கூடும்.

இரண்டையும் ஒருங்கே நாடுவோன் இரண்டிலும் குறைபடுவான். கருவியைத் திருத்துமுன் கருமத்தைத் தெளிதல் வேண்டுமன்றோ?