இவருக்குப் பதில் இவர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

தொலைக்காட்சித் தொடர் பார்க்கும் எவரும் இந்த வரியைப் படித்திருப்பர்: 'இனி இவருக்குப் பதில் இவர்.' நேற்றுவரை மருமகளாக இருந்தவர் இன்று வேறு முகத்துடன் அதே அடுப்படியில் நிற்பார். வீட்டில் அனைவரும் சிரிப்போம். சின்னத்திரை நடிகர்களின் சம்பளக் கணக்கு முழுவதும் இந்த ஒரு வரிக்குள் அடங்கியிருக்கிறது என்பேன்.

நம் மாவட்டத்துப் பூந்தமல்லிப் பக்கத்திலும் சென்னையிலும் பல தொடர்கள் படமாகின்றன. அவற்றில் நடிப்போருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் கிடையாது. எத்தனை நாள் கால்ஷீட்டோ அத்தனை நாள் கூலி. கதையில் அண்ணனை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டால், அண்ணனாக நடிப்பவருக்கு அந்த மாதம் வருமானமில்லை. 2020-இல் கொரோனாவால் படப்பிடிப்பு நின்றபோது கூலியும் நின்றது. ஒரே விளக்கொளியில், காலை முதல் இரவுவரை சேர்ந்து நிற்கும் இருவருக்குக் கூலி பல மடங்கு வேறுபடும். நாயகியின் முகத்தைக் காட்டித்தான் தொடருக்கு விளம்பரம். ஆகவே அவருக்கு அதிகம். பின்னால் தாம்பாளம் ஏந்தி நிற்பவரை மாற்றினாலோ, அந்த அறிவிப்பு வரிகூட வராது! உழைப்பை அளந்து கொடுப்பதன்று கூலி. 'இவர் போனால் நமக்கு என்ன நட்டம்?' என்பதை அளந்து கொடுப்பது.

தொழில்நுட்பப் பணியாளர்களுக்காகப் பெப்சி சம்மேளனம் தயாரிப்பாளர்களோடு பேசிக் கூலியை முடிவு செய்கிறது. நடிகரோ பெரும்பாலும் தனியாகவே பேச வேண்டும். துணை நடிகருக்கு நடுவே ஏஜெண்டும் உண்டு. 2017-இல் கேரள அரசு அமைத்த நீதிபதி ஹேமா குழுவின் அறிக்கை 2024 ஆகஸ்டில் வெளியானபோது, ஆண் பெண் ஊதிய வேறுபாட்டோடு, துணை நடிகரின் கூலி இடைத்தரகர் கையில் கரைவதும் வெளிச்சத்துக்கு வந்தது. அது திரைப்படத் துறையைப் பற்றியது. ஆயினும் கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குக் காண்ட்ராக்டர் மூலம் ஆள் போகும் வீடுகளுக்கு இது புதுச் செய்தியன்று. என் தந்தையும் ஒரு நிரந்தரத் தொழிலாளியும் ஒரே உலையருகே நிற்கின்றனர். சம்பளம் மட்டும் வேறு.

அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய 'ஃபிரண்ட்ஸ்' தொடரில் முக்கிய நடிகர்கள் ஆறு பேர். முதல் ஆண்டில் ஒரு பகுதிக்கு ஆளுக்குச் சுமார் 22,500 டாலர். பிறகு ஆளுக்கொரு தொகை ஆயிற்று. 1996-இல் ஆறு பேரும் ஒன்றாகப் போய், 'எங்கள் எல்லாருக்கும் சமமாகத் தாருங்கள்' என்று கேட்டனர். அதிகம் பெற்றவர்களும் உடன் நின்றனர் என்பதே வியப்பு. 2002-இல் ஒரு பகுதிக்கு ஆளுக்குப் பத்து லட்சம் டாலர்! ஒருவருக்குப் பதில் ஒருவரைப் போடலாம். ஆறு பேரையும் மாற்றினால் அது வேறு தொடராகிவிடும் அல்லவா? அந்தப் பத்து லட்சம், காப்பிக் கடைக் காட்சியில் பின்னால் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இங்கே படிப்பு முடித்துச் சிப்காட் நேர்முகத் தேர்வுக்குப் போகும் அண்ணன்மாரிடமும் அக்காமாரிடமும், 'எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?' என்று கேட்கிறார்களாம். 'நீங்களே பார்த்துக் கொடுங்கள், சார்' என்பதே பலரின் விடை. ஒரே வகுப்பு, ஒரே வேலை. சேர்ந்தபின் பார்த்தால் இருவர் சம்பளத்தில் ஆயிரம், இரண்டாயிரம் வித்தியாசம். தேர்வுக்குப் போன அன்று ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து போனவர்கள்தாம். எவ்வளவு கேட்பது என்பதை மட்டும் பேசிக்கொள்ளவில்லை.