நெகட்டிவில் தீட்டிய மேகம்

பாப்பிரெட்டிப்பட்டி வாணியாறு அணைப் பக்கம் நின்று சேர்வராயன் மலையைக் கைபேசியில் படம் எடுத்துப் பாருங்கள். மலையின் பச்சையும் மேலே மேகமும் ஒருசேரத் தெளிவாக விழும். ஒரே ஒரு படம்தான் எடுத்தோம் என்று நினைப்போம். பல கைபேசிகளோ வெவ்வேறு ஒளியளவில் சில படங்களை நொடிப்பொழுதில் எடுத்து, வானத்தை ஒன்றிலிருந்தும் மலையை இன்னொன்றிலிருந்தும் பொறுக்கிச் சேர்த்துவிடுகின்றன. அப்படியானால் கையில் இருப்பது பதிவா, ஓவியமா?

இந்தக் கேள்வி இந்த வட்டாரத்துக்குப் பழசு. பாப்பிரெட்டிப்பட்டி இருக்கும் தருமபுரி, பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேலம் மாவட்டத்தில் இருந்தது. மதராஸ் அரசின் புகைப்படக்காரர் கேப்டன் லின்னேயஸ் டிரைப் ராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் எடுத்த படங்கள் 1858இல் தொகுப்பாக வந்தன.

அவருடைய நெகட்டிவ், அதாவது கறுப்பு வெள்ளை தலைகீழான மூலப்படம், காகிதம்! வடை மடித்த தாளில் எண்ணெய் ஊறிய இடம் வெளிச்சத்தை விடுமல்லவா? அதற்காகவே காகிதத்தில் மெழுகு ஏற்றினார்கள். அதில் பூசிய வெள்ளி அயோடைடு என்ற உப்புக்கு நீல ஒளி மட்டுமே நன்றாக உறைக்கும். பச்சையும் சிவப்பும் ஏறக்குறைய தெரியாது. எனவே மரங்கள் இருண்டு போகும். வானமோ வெளிறி, மேகமே இல்லாமல் திட்டுத்திட்டாக வரும்.

டிரைப் தூரிகையை எடுத்தார். நெகட்டிவில் வண்ணம் பூசிய இடம் ஒளியைத் தடுக்கும்; அச்சில் அது வெளுப்பாக விழும். எல்லாவற்றையும் தலைகீழாகவே யோசித்து, மேகங்களை வரைந்தார், இலைகளுக்கும் உயிர் கொடுத்தார்.

இங்கிலாந்தில் புகைப்பட முன்னோடி டால்பட் 1844இல் வெளியிடத் தொடங்கிய புகைப்பட நூலுக்கு ‘இயற்கையின் பென்சில்’ என்று பெயர். மனிதக் கை படாமல் ஒளியே வரைகிறது என்ற பெருமிதம் அதில் இருக்கிறது. டிரைப்பின் படத்திலோ கல்லும் சுவரும் ஒளி விட்ட தடம். மேகம் அவர் எடுத்த முடிவு. இரண்டும் ஒட்டுத் தெரியாமல் ஒரே தாளில் இருக்கின்றன. புகைப்படம் கலையா என்று யாராவது கேட்டால், நான் முதலில் காட்டுவது இந்த மேகங்களைத்தான்.

தூரிகை இல்லாமலும் இத்தகைய முடிவுகள் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டு ஒரு படத்தில் அடங்காது. டிரைப் கேமராவை நகர்த்தி நகர்த்தி எடுத்து, 21 படங்களை ஒட்டினார். நீளம் சுமார் 19 அடி. எங்கே நின்றாலும் கண்ணுக்கு அப்படியொரு காட்சி கிடைக்காது. ஒவ்வொரு துண்டுக்கும் நேரெதிரே நின்ற பார்வைகள் அதில் அடுத்தடுத்து விரிகின்றன. நடந்துகொண்டே படிக்க வேண்டிய சோழர் கால எழுத்து, உட்கார்ந்த இடத்தில் படிக்கக் கிடைத்தது.