டர்போ கார் சைலன்ஸரில் தீ... கெத்தா, ஆபத்தா?

கடலூர் - சிதம்பரம் சாலையில் அறுவடை நேரத்தில் வைக்கோல் ஏற்றிய டிராக்டர்களைப் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்தில் ஒரு காரின் சைலன்ஸர் 'படபட'வென வெடித்துத் தீ கக்கினால்..?

ரேலி கார்களில் இது சகஜம். இன்ஜினிலிருந்து வெளியேறும் சூடான வாயுதான் டர்போவைச் சுழற்றுகிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அந்தச் சுழற்சி குறையும். மறுபடி மிதித்ததும் உடனே வேகம் கிடைக்காது. அதனால் பெட்ரோலையும் காற்றையும் வேண்டுமென்றே டர்போ பக்கம் அனுப்பி எரிய விடுகிறார்கள். இதற்குப் பெயர் 'ஆன்டி-லேக்'. அந்த நெருப்பின் மிச்சம்தான் குழாய் முனையில் நாம் பார்ப்பது.

சாதாரண காரில் ஓடும்போது காலை எடுத்தால் பெட்ரோல் பெரும்பாலும் நின்றுவிடும். அப்படியும் தீ வந்தால், யாரோ இ.சி.யு-வில் கைவைத்திருக்கலாம், அல்லது ஸ்பார்க் பிளக் பழுதாகி, பெட்ரோல் எரியாமலே வெளியேறலாம். தொடர்ந்தால் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் உருகிவிடும்.

அனுமதியில்லாமல் காரை மாற்றியமைத்தால், மோட்டார் வாகனச் சட்டம் 182ஏ பிரிவின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம்.

உங்கள் காருக்குப் பின்னால் குழந்தையோடு ஒருவர் பைக்கில் வரலாம். தீ, இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கோடு நிற்கட்டும். இன்ஜின் லைட் எரிந்தால், முதலில் மெக்கானிக்கிடம் காட்டுங்கள்!