சங்கக் கொப்பியிலிருந்து குழுக் கணக்குக்கு

எண்பதுகளின் பிற்பகுதியிலும் தொண்ணூறுகளிலும் மொன்றியலில் தொடங்கிய தமிழ்ச் சங்கங்களுக்கு அநேகமாக ஒரே ஓர் அலுவலகம்தான் இருந்தது. அது செயலாளர் வீட்டு அலுமாரி. அதற்குள் மட்டை தடித்த ஒரு கொப்பி, பற்றுச்சீட்டுப் புத்தகம், காசோலைப் புத்தகம், மண்டபத் திறப்பு. 1983க்குப் பிறகு வந்த ஈழத்தமிழர் பலர் கோட்-டெ-நேஜிலும் பார்க் எக்ஸ்டென்ஷனிலும் அடுக்குமாடிகளில் இருந்துவிட்டு, கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் மொன்றியல் தீவின் மேற்குப் பக்கம் வீடு வாங்கிப் போனார்கள். டொலார்ட்-டெஸ்-ஓர்மோவுக்கு வந்தவர்களும் அப்படித்தான். சென்-ரெஜிஸ் வீதியில் கியூபெக் சைவ மிஷனின் திருமுருகன் கோயில் இருப்பதால், சுற்றுவட்டாரத் தமிழருக்கு இந்த நகரம் சந்திக்கும் இடமாகவும் ஆனது. வீடு மாறினாலும் கொப்பி மாறவில்லை. ஊர்ச் சங்கம், பழைய மாணவர் சங்கம், தமிழ்ப் பள்ளி, விளையாட்டுக் கழகம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கொப்பி.

அதில் ஒரு வரிக்கு ஒரு குடும்பம். முதலில் குடும்பத் தலைவர் பெயர், பக்கத்தில் ஊர், பிறகு 514இல் தொடங்கும் தொலைபேசி எண், கடைசியில் கட்டிய சந்தா. மனைவிக்குத் தனி வரி இல்லை; ‘திரு. திருமதி’ என்ற இரண்டு சொல்லுக்குள் அவர் அடங்கிவிடுவார். பிள்ளைகள் வெறும் எண்ணிக்கை. ஓரத்தில் சிவப்பு மையில் ‘ரொறன்ரோ போய்விட்டார்’, ‘காலமாகிவிட்டார்’, ‘பொங்கலுக்குப் பிறகு தருவார்’ என்று குறிப்புகள் இருக்கும். அந்தச் சிவப்பு மையை நான் மிகவும் மதிக்கிறேன். ஒருவர் ஏன் போனார், எப்போது போனார் என்பதைச் சங்கம் தன் கைப்பட எழுதி வைத்த இடம் அது.

யாருக்கு என்ன அதிகாரம் என்பதும் அன்று தெளிவாகத்தான் இருந்தது. திறப்பு யார் கையிலோ அவர் மண்டபத்தைத் திறப்பார். காசோலையில் தலைவரும் பொருளாளரும் இருவருமே கையெழுத்திட வேண்டும். நிர்வாக சபை மாறினால், பழையவர் புதியவர் வீட்டுக்கு வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுக் கொப்பியையும் திறப்பையும் கொடுத்துவிட்டுப் போவார். கொடுத்த பிறகு அவரால் எதையும் திறக்க முடியாது. அதிகாரம் கைமாறியது எல்லார் கண்ணுக்கும் தெரிந்தது.

கணினி உலகம் அந்த நாளில் இதைவிடப் பெரிதாக முன்னேறியிருக்கவில்லை. யுனிக்ஸ் இயங்குதளத்தில் ஆட்களைக் குழுக்களாகப் பிரிக்கும் வசதி எழுபதுகளிலேயே இருந்தது. ஆனால் ஒருவர் ஒரு நேரத்தில் ஒரே குழுவின் ஆளாகத்தான் வேலை செய்யலாம். இன்னொரு குழுவின் கோப்பைத் தொட வேண்டுமானால் கட்டளை கொடுத்துக் குழு மாற வேண்டும். 1983இல் வந்த 4.2 பிஎஸ்டி பதிப்புத்தான், ஒரே ஆள் ஒரே சமயத்தில் பல குழுக்களில் இருக்கலாம் என்று இடம் கொடுத்தது. 1992இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனத்தைச் சேர்ந்த ஃபெரையோலோவும் கூனும், அனுமதியை ஆளுக்குக் கொடுக்காமல் அவர் வகிக்கும் பொறுப்புக்குக் கொடுக்க வேண்டும் என்ற முறையை எழுத்தில் வகுத்தார்கள். பொருளாளர் என்ற பதவிக்குக் காசோலை அதிகாரம், பதவி போனால் அதிகாரமும் போகும் என்று நம் சங்க யாப்புகள் அதற்கு எவ்வளவோ முன்பே சொல்லிவிட்டன.

இன்று அலுமாரி இல்லை. கணக்கு விரிதாள் ஒருவருடைய கூகுள் கணக்கில், படங்கள் இன்னொருவருடைய கணக்கில், இணையதளக் கடவுச்சொல் மூன்றாமவரிடம், அறிவித்தல் எல்லாம் வட்ஸ்அப்பில். வேலை வேகமாக நடக்கிறது, மறுக்கவில்லை. தேர்த் திருவிழாத் தொண்டர்களைத் திரட்ட அன்று இரண்டு இரவு தொலைபேசி எடுத்தவர்கள் இன்று ஒரு செய்தியில் முடிக்கிறார்கள். ஆனால் அதிகாரம் கைமாறுவது யார் கண்ணுக்கும் தெரிவதில்லை. பதவி விட்டுப் பல வருடமான ஒருவர் இன்னும் அங்கத்தவர் விபரக் கோப்பைத் திறக்கக்கூடிய நிலை பல சங்கங்களில் இருக்கிறது. ஒரு சங்கத்தில் பொருளாளர் காலமானபோது, கணக்குகள் அவருடைய சொந்த மின்னஞ்சலோடு பூட்டுப்பட்டுப் போயின. இரண்டு வருடம் பாவிக்கப்படாத தனிநபர் கணக்குகளை நீக்கலாம் என்ற விதியைக் கூகுள் 2023இல் அறிவித்து, அந்த ஆண்டு டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்தத் தொடங்கியது. வட்ஸ்அப்பில் ஒரேயொரு நிர்வாகி விலகிப் போனால், மிச்சமிருப்பவர்களில் யாரோ ஒருவரைச் செயலியே நிர்வாகியாக்கிவிடும். ஒரு சங்கத்தின் பொறுப்பு இப்படிக் குருட்டுச் சீட்டில் போகக் கூடாது.

இதே சிக்கலைப் பெரிய அளவில் பட்டு அனுபவித்துத் தீர்வு தேடியவர்கள் விஞ்ஞானிகள். ஈர்ப்பலையைக் கண்டறிந்ததாக 2016 பெப்ரவரி 11இல் அறிவித்த லைகோ கூட்டமைப்பின் கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆசிரியர்கள். சென்னைக் கணிதக் கழகத்தில் இருந்தவர்களும் அதில் உண்டு. இவர்களுக்குச் சம்பளம் கொடுப்பது வேறு வேறு பல்கலைக்கழகங்கள். கூட்டமைப்புக்கென்று ஊழியர் பட்டியல் கிடையாது. ஆனாலும் தரவைத் திறப்பதற்கு, குழு அஞ்சலுக்கு, கட்டுரையில் பெயர் வருவதற்கு, இன்னார் இன்று அங்கத்தவர்தானா என்று துல்லியமாகச் சொல்ல வேண்டும். இப்படிப்பட்ட கூட்டு அமைப்புகளுக்காக இன்டர்நெட்2 அமைப்பு, அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியோடு 2010ஐ ஒட்டி வளர்த்ததுதான் கோமேனேஜ் என்ற மென்பொருள். ஆரம்பத்திலேயே அதைக் கையாண்டவர்களில் லைகோவும் ஒன்று.

கோமேனேஜில் ஓர் ஆளுக்கு ஒரு பதிவு. அந்தப் பதிவின் கீழ் அவர் வகிக்கும் பொறுப்புகள், ஒவ்வொன்றுக்கும் தொடங்கும் தேதி, முடியும் தேதி. அமைப்புக்குள் கிளைகள், கிளைக்குள் கிளைகள். ‘எல்லா அங்கத்தவரும்’, ‘நடப்பு அங்கத்தவர்’ என்ற குழுக்களை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். தேதி முடிந்தவர் நடப்புக் குழுவிலிருந்து தானாக விழுந்துவிடுவார். இதன் தோழனான குரூப்பர் என்ற மென்பொருளின் கைநூல் இன்னொரு நல்ல பழக்கத்தைச் சொல்கிறது. ஒருவர் யார் என்று சொல்லும் குழு வேறு, எதைத் திறக்கலாம் என்று சொல்லும் குழு வேறு. முதலாவதில் ஆட்களைச் சேர். இரண்டாவதில் ஆட்களைச் சேர்க்காதே, முதல் வகைக் குழுக்களைச் சேர். விலக்க வேண்டியவர் இருந்தால் அவரை மட்டும் கழித்துக்கொள். சங்கத்தின் கணக்குக் கோப்பை ‘நடப்பு நிர்வாக சபை’ என்ற குழுவுக்குத் திறந்துவிட்டால் போதும். தேர்தல் முடிந்து அந்த ஒரு குழுவைத் திருத்தினால் எல்லாக் கதவும் சேர்ந்து மாறும். இப்போது நாம் செய்வது இதற்கு நேர்மாறு. ஒவ்வொரு கோப்பிலும் ஒவ்வொரு ஆளாகச் சேர்க்கிறோம், பிறகு யாரை எங்கே சேர்த்தோம் என்று யாருக்கும் ஞாபகமில்லை.

ஒரே ஆள் இரண்டு அமைப்புக்குள் இருப்பது எப்படி என்று டொலார்ட்-டெஸ்-ஓர்மோக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. 2002 ஜனவரி 1இல் இந்த நகரம் மொன்றியலோடு இணைக்கப்பட்டது. 2004இல் மக்கள் வாக்களித்து, 2006 ஜனவரி 1இல் மறுபடி தனி நகரமானது. பிரிந்த பிறகும் போலீஸ், தீயணைப்பு, குடிநீர் உற்பத்தி எல்லாம் தீவு முழுவதற்குமான பொது அமைப்பின் கையில். பூங்காவும் நூலகமும் நகரத்தின் கையில். பிரிவதா சேர்வதா என்று கேட்டதோடு விடாமல், எந்த வேலைக்கு எந்தக் குழு என்று கேட்டு வகுத்த ஏற்பாடு அது. நமது பழைய மாணவர் சங்கங்களும் அப்படித்தான் யோசிக்க வேண்டும். மொன்றியல் கிளை அங்கத்தவர் ஒருவர் ரொறன்ரோவுக்குக் குடிபெயர்ந்தால் இங்கே வாக்குரிமை முடியலாம். பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் என்பது முடியாது. இரண்டையும் ஒரே வரியில் எழுதினால் ஒன்றை வெட்டும்போது மற்றதும் வெட்டுப்படும்.

நமக்கே உரிய ஒரு முடிச்சும் இருக்கிறது. நம்மிடம் குடும்பப் பெயர் இல்லை. தகப்பன் பெயரைத்தான் கடைசிப் பெயராக எழுதுகிறோம். கியூபெக்கிலோ 1981இலிருந்து, திருமணமான பெண்ணும் தன் பிறப்புப் பெயராலேயே சட்ட உரிமைகளைப் பாவிக்க வேண்டும். ஆகவே ஒரே வீட்டில் கணவருக்கு அவர் தகப்பன் பெயர், மனைவிக்கு அவர் தகப்பன் பெயர், பிள்ளைகளுக்குக் கணவரின் பெயர் என்று மூன்று கடைசிப் பெயர்கள் இருக்கும். சங்கக் கொப்பியில் ‘திருமதி’யாக இருந்தவரின் சுகாதார அட்டையில் வேறு பெயர். கடைசிப் பெயரை வைத்துக் குடும்பம் சேர்க்கும் எந்த மென்பொருளும் இங்கே தோற்கும். மின்னஞ்சலை அடையாளமாக எடுத்தாலும் சரிவராது. கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே மின்னஞ்சல், அதையும் மகள்தான் திறந்து கொடுத்திருப்பாள். ஆளுக்கு ஒரு அங்கத்துவ எண், அது ஒருபோதும் வேறு ஒருவருக்குப் போகக் கூடாது. குடும்பம் என்பது அந்த எண்களைச் சேர்க்கும் ஒரு குழு. இப்படி வைத்தால், கணவர் காலமான பிறகும் மனைவியின் அங்கத்துவம் அசையாமல் நிற்கும். கொப்பிக் காலத்தில் வரி வெட்டுப்பட்டதோடு காணாமற்போன பெண்களை எனக்குத் தெரியும். பொதுக்கூட்ட அழைப்பும் வராது, திருவிழா அறிவித்தலும் வராது. புதிய முறை வேண்டும் என்று நான் சொல்வதற்கு முதற் காரணம் அவர்கள்தான்.

இரண்டாவது காரணம் சட்டம். தனிநபர் விபரங்கள் பற்றிய கியூபெக்கின் 25ஆம் சட்டம் 2022, 2023, 2024 செப்டம்பர்களில் படிப்படியாக நடைமுறைக்கு வந்துவிட்டது. தனிநபர் விபரங்களைக் காக்கும் பொறுப்பாளர் ஒருவர் இருக்க வேண்டும். யாரையும் எழுத்தில் நியமிக்காவிட்டால் அமைப்பில் மிக உயர்ந்த அதிகாரம் உள்ளவரே அந்தப் பொறுப்பாளர். தேவை முடிந்த விபரங்களை அழிக்க வேண்டும், அல்லது ஆளை அடையாளம் காண முடியாதபடி மாற்ற வேண்டும். இலாப நோக்கற்ற சங்கம் என்று சொல்லித் தட்டிக்கழிக்கலாம் என்று நினைக்க வேண்டாம்.

சின்னச் சங்கத்துக்குக் கோமேனேஜ் தேவையில்லை. இலாப நோக்கற்ற அமைப்புகளுக்குக் கூகுள் கொடுக்கும் இலவசக் கணக்கிலேயே குழு அமைக்கலாம். தேவைப்படுவது திட்டம். சேரும்போது யார் ஒப்புதல் கொடுப்பது, பொறுப்பு எந்தத் தேதியில் முடிவது, விலகுபவரை எந்தக் குழுக்களிலிருந்து யார் எடுப்பது, நிர்வாகி அதிகாரம் குறைந்தது எந்த இருவரிடம் இருப்பது என்பதை ஒரு தாளில் எழுத வேண்டும். சேர்ப்பதைவிட விலக்குவதை முதலில் எழுதுங்கள், ஏனென்றால் அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். விலகலுக்கான காரணத்துக்கும் ஓர் இடம் விடுங்கள், சிவப்பு மைக்குப் பதிலாக.

அடுத்த பொதுக்கூட்டத்துக்கு முன் உங்கள் சங்கத்தின் செயலாளரிடம் இரண்டு கேள்வி கேளுங்கள்: நம்முடைய அங்கத்தவர் கோப்பு இப்போது யார் பெயரில் இருக்கிறது, அதை இன்று எத்தனை பேரால் திறக்க முடியும்? பதில் கூட்ட அறிக்கையில் எழுதப்படும்வரை அடுத்த விடயத்துக்குப் போக விடாதீர்கள்.