பாடல் பதிவில் பறையின் இடம்



1999 ஜூலை 23 அன்று, மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காகத் திருநெல்வேலியில் நடந்த பேரணியைக் காவல்துறை தாக்கியது. தாமிரபரணியில் 17 உயிர்கள் போயின. அந்த நினைவை ராக் பாடலாக்க விரும்பும் நம் பிள்ளைகள் பதிவுக்கூடத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?

நமக்கு முன்னோடி உண்டு. பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசைக்கலைஞர் டென்மாவும் உருவாக்கிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ 2018 ஜனவரி 6 அன்று சென்னையில் மேடையேறியது. பெயரின் வேர், அயோத்திதாசப் பண்டிதரின் ‘சாதியற்ற தமிழர்’ என்னும் கருத்து. கானாவும் ராப்பும் ராக்கும் பறையும் அங்கே சரிசமமாக நின்றன. இட ஒதுக்கீடும் மாட்டுக்கறியும் பாட்டாயின.

ராக் பாடலில் வழக்கமாக டிரம்ஸும் பேஸ் கிட்டாரும் முதலில் பதிவாகும்; பிறகு கிட்டார், கடைசியில் குரல். எல்லாம் முடிந்தபின் ‘கிராமிய மணம்’ சேர்க்கப் பறையைக் கூப்பிடுவார்கள். ஊருக்கு வெளியே நிறுத்திய பழக்கம்தான் இது. இடம் மட்டும் பதிவுக்கூடம்.

ஆகவே பறையை முதலில் பதிவுசெய்வோம். பறையடி போகப் போக வேகமெடுக்கும். காதில் ஒலிக்கும் கிளிக்குக்கு அதைக் கட்டிப்போடாமல், அடித்து முடித்தபின் அந்த வேகத்துக்கே கிளிக்கை அமைக்கலாம். குளிரூட்டிய அறையில் தோல் தளர்ந்து ஓசை இறங்கும்; இடையிடையே வெளியே தீயில் காய்ச்ச நேரம் ஒதுக்க வேண்டும். மைக்கை ஒட்டி வைத்தால் குச்சியின் அடி மட்டுமே விழும். சற்றுத் தள்ளி இன்னொன்று வைத்தால்தான் முழக்கம் கிடைக்கும். கலவையில் கிட்டாரின் இரைச்சல் பறையை மூடினால், குறைக்க வேண்டியது கிட்டாரை. நம் மாவட்டத்துக் கணியான் கூத்தின் மகுடத்துக்கும் இது பொருந்தும்.

இன்னொன்று, பெயர். அடியைக் கட்டியவரே அந்தத் தாளத்தின் ஆசிரியர். பதிவு நாளிலேயே பாடலாசிரியர், இசையமைப்பாளர் பெயர்களோடு அவர் பெயரையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், வணிகப் பயன்பாட்டில் நிகழ்த்துகலைஞருக்கும் ராயல்டி பெறும் உரிமையைத் தந்திருக்கிறது. கூலிக்கு வந்து போனவராக அவரை எழுதிவிட்டு, கூலி கேட்டு மாண்டவர்களைப் பற்றி நாம் பாட முடியாது.